வீடு ஏலம் போன பின்பும் கடன் நிற்குமா?



தோட்டத்து லயத்தை விட்டு வெளியேறி, ஒரு தாமானில் சொந்த வீடு வாங்க வேண்டும் என்பது நம் குடும்பங்கள் பலவற்றின் நெடுநாள் ஆசை. அப்படி வாங்கிய வீடு, தவணை தவறி 'லேலோங்' போய்விட்டால் அந்தத் துயரத்திற்கு அளவில்லை. அதன் பிறகும் வங்கியிலிருந்து ஒரு கடிதம் வருகிறது: "இன்னும் பாக்கி இருக்கிறது." வீட்டைத்தான் எடுத்துக்கொண்டார்களே, இன்னும் என்ன கடன் என்று திகைக்கிறோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடன் பாக்கி 85,000 வெள்ளி. நின்ற வட்டியும் வழக்கறிஞர் செலவும் ஏலச் செலவும் சேர்ந்து 6,000 வெள்ளி. ஆக 91,000. ஏலத்தில் தொடக்க விலை 80,000 என்று வைக்கிறார்கள். கேட்க ஆளில்லை என்றால், அடுத்த ஏலத்தில் வழக்கமாகப் பத்து விழுக்காடு குறைப்பார்கள். 72,000 ஆகிறது, பிறகு 64,800 ஆகிறது. அந்த விலைக்கு வீடு போனால், 26,200 வெள்ளி நம் தலையில் நிற்கிறது. வீடு கடனுக்கு ஈடுதான், கடனே அல்ல. சாவியைக் கொடுத்துவிட்டால் கடன் தீர்ந்தது என்று எண்ணுவது தவறு.

அப்படியானால் என்ன செய்வது?

முதலாவதாக, கடிதத்தைச் சாமி மேடைக்குப் பின்னால் செருகி வைக்காதீர்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். ஏலத்தில் கிடைத்த தொகை எவ்வளவு, எந்தச் செலவுக்கு எவ்வளவு பிடித்தார்கள், வட்டி எந்தத் தேதி வரை என்று விவரமான கணக்கை வங்கியிடம் எழுதிக் கேளுங்கள். தவறு இருந்தால் அப்போதே சொல்லலாம்.

இரண்டாவதாக, வங்கியோடு பேசுங்கள். மாதம் இவ்வளவுதான் முடியும் என்று வருமானத்தைக் காட்டிக் கேளுங்கள். ஒரே தொகையாகக் கட்டினால் குறைப்பார்களா என்றும் கேட்கலாம். ஒத்துக்கொண்டால், "இத்துடன் கடன் முழுவதும் தீர்ந்தது" என்று எழுத்தில் வாங்கிய பிறகே பணத்தைக் கட்டுங்கள். ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

மூன்றாவதாக, தனியாகத் தவிக்க வேண்டாம். பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏ.கே.பி.கே. என்னும் கடன் ஆலோசனை நிறுவனம் கட்டணமின்றி ஆலோசனை தருகிறது. வழக்குத் தொடங்கும் முன்பே போவது நல்லது. "கடனை நான் முடித்துத் தருகிறேன்" என்று முன்பணம் கேட்கும் ஆளிடமோ, ஆலோங்கிடமோ போகாதீர்கள். ஒரு குழியிலிருந்து ஏறி இன்னொரு குழியில் விழுவானேன்?

நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தால், சாதாரணமாக 14 நாட்களுக்குள் பதில் தாக்கல் செய்ய வேண்டும். பேசாமல் இருந்தால், நம்மைக் கேளாமலே தீர்ப்பாகிவிடும்.

திவாலாக்கி விடுவார்களோ என்று பலர் அஞ்சுகிறார்கள். 2021 முதல், கடன் ஒரு லட்சம் வெள்ளிக்குக் குறைந்திருந்தால் கடன் கொடுத்தவர் திவால் நடவடிக்கை எடுக்க முடியாது. ஆயினும் தீர்ப்புப் பெற்றால் சாமான்களையும் வங்கிக் கணக்கையும் பிடிக்கும் வழி உண்டு. ஆகவே அலட்சியமும் வேண்டாம், அச்சமும் வேண்டாம்.

ஜாமீன் போட்ட அண்ணனையும் மாமாவையும் மறந்துவிடாதீர்கள். குடியிருக்கும் வீட்டுக்கென்று லாப நோக்கமின்றி ஜாமீன் நின்றவரை, 2017இல் வந்த சட்டத்திருத்தத்தின்படி திவாலாக்க முடியாது. ஆனால் பணம் கேட்டு அவர்மேல் வழக்குப் போடலாம். கடிதம் வந்த அன்றே அவரிடம் சொல்லிவிடுங்கள். பிறர் வாயால் கேள்விப்பட்டால் உறவு முறிந்துபோகும்.

வீடு போனது அவமானமல்ல. வேலை போகலாம், நோய் வரலாம், யாருக்கும் நேரக்கூடியதே. கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, கணவனும் மனைவியும் ஒன்றாக உட்கார்ந்து பேசினால், நின்ற கடனுக்கும் ஒரு முடிவு உண்டு.