மீட்டருக்குள் ஒரு கடிகாரம்

தியாகராய நகரில் மின்வாரியம் பொருத்திய ஸ்மார்ட் மீட்டர்களுக்குள் கடிகாரமும் ஓடுகிறது. அது வெறும் அலங்காரமன்று. பகலில் சூரிய ஒளி மிகுந்த எட்டு மணி நேரத்துக்குக் கட்டணம் 20 விழுக்காடேனும் குறையவேண்டும், உச்ச நேரத்தில் வீடுகளுக்கு 10 விழுக்காடேனும் கூடவேண்டும் என்பது 2023-இல் மத்திய அரசு வகுத்த விதி.

இம்முறை வழங்கும் வீடொன்றில் கடிகாரம் ஆறு மணி முந்தி ஓடுவதாகக் கொள்ளுங்கள். நண்பகலில் துணி துவைத்த மின்சாரம் மாலைக் கணக்கில் ஏறிவிடும். யூனிட்டின் இயல்பான விலை 100 காசானால், 80 கொடுக்கவேண்டியவர் 110 கொடுப்பார். யூனிட் கணக்கோ அணுவளவும் பிசகாது!

முறையிட்டால் ஐந்து நாளில் இன்னொரு மீட்டர் பொருத்தி, மூன்று மாதமேனும் சரிபார்க்கவேண்டும் என்கிறது 2024-ஆம் ஆண்டுத் திருத்தம். ஆனால் யூனிட்டை மட்டும் ஒப்பிட்டால் பழுதான மீட்டர் நிரபராதியாகிவிடும். ஆகவே, நண்பர்களே, மீட்டர் திரையில் தோன்றும் மணியை வானொலி மணியோடு ஒப்பிட்டு, வேறுபாட்டை மனுவிலேயே எழுதிவிடுங்கள்.