இராத்திரி டியூட்டிக்கு எத்தனை பேர்?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் 1976-79 வேதியியல் பிரிவு. செயலாளர் போன் செய்து, "பதினைந்து நிமிஷம் பேசணும், தலைப்பு உங்க இஷ்டம்" என்றார். வங்கியில் 36 வருஷம் குப்பை கொட்டியவன் சேமிப்பு, முதலீடு என்று எதையாவது பேசுவான் என்று எதிர்பார்த்திருப்பார். ஆனால் அவர் அனுப்பிய சுற்றறிக்கையில் மூன்றாவது தீர்மானத்தைப் படித்ததும் என் தலைப்பு முடிவாகிவிட்டது. இந்த ஆண்டு திரட்டிய நிதியில் ஒரு முதியோர் இல்லத்துக்கு மண்டபம் கட்டிக்கொடுப்பது என்பது அந்தத் தீர்மானம். நல்ல எண்ணம். அதில் ஒரு சிறு திருத்தம் சொல்ல விரும்புகிறேன். திருத்தத்தைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெருமைப்படும்படியான கதை இல்லை.

வங்கியில் கடைசிப் பன்னிரண்டு வருஷம் எனக்கு ஆய்வு அதிகாரி வேலை. கிளைகளைத் தணிக்கை செய்வது. எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சொல்லாமல் கொள்ளாமல், கிளை திறக்கும் நேரத்துக்கே போய் நிற்போம். முதலில் ரொக்கத்தை எண்ணுவோம். எண்ணி முடித்த பிறகுதான் மேனேஜர் கொடுக்கும் காபி. காபியை முதலில் குடித்துவிட்டால் கண் கொஞ்சம் மங்கிவிடும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்த பெரியவர் சொல்வார்.

2013இல் என் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். வயது 84. இடுப்பெலும்பு முறிவு. ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. ஆனால் அதற்குப் பிறகு அவர் சரியாக நடக்கவில்லை. எனக்கு மாதத்தில் இருபது நாள் வெளியூர். என் மனைவி பள்ளி ஆசிரியை. வீட்டோடு இருக்க ஆள் வைத்தோம். மூன்று பேர் வந்தார்கள், மூன்று பேரும் நின்றுவிட்டார்கள். கடைசியில் 2014 ஜனவரியில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தோம். இல்லத்தின் பெயர் வேண்டாம். இன்றைக்கு நான் குறை சொல்ல வந்தது ஓர் இல்லத்தை அல்ல, என்னை.

சேர்ப்பதற்கு முன் போய்ப் பார்த்தேன். மார்பிள் தரை, புல்வெளி, வாசலில் பிள்ளையார் கோயில், சாப்பாட்டு அறையில் பெரிய டிவி. மேனேஜர் அறையில் உட்கார்ந்து காபி குடித்தேன். டெபாசிட்டுக்குச் செக் எழுதினேன். ஆயிரம் ரூபாய் குறைந்தால் மூன்று பக்கம் குறிப்பு எழுதுகிற நான், என்னைப் பெற்றவளை விட்டுவிட்டு வருகிற இடத்தில் ஒரே ஒரு பதிவேட்டைக் கேட்கவில்லை.

மாதம் இரண்டு ஞாயிறு போவேன். காலை பதினோரு மணி. அம்மாவைக் குளிப்பாட்டி, தலைவாரி, பவுடர் போட்டு நாற்காலியில் உட்காரவைத்திருப்பார்கள். "எப்படிம்மா இருக்கே?" "நல்லாத்தான் இருக்கேம்யா. நீ சாப்பிட்டியா?" அவ்வளவுதான். மனநிம்மதியோடு திரும்பிவருவேன்.

ஜூன் மாதம் ஒரு நாள் இராத்திரி பஸ்ஸில் வந்தவன், வழியில்தானே இருக்கிறது என்று காலை ஐந்தரைக்கு இறங்கிவிட்டேன். காவலாளி என்னை அடையாளம் தெரிந்து உள்ளே விட்டார். அறைக்குள் நுழைந்ததும் வாடை. விரிப்பு முழுக்க ஈரம். ஒரு சின்னப் பெண் அம்மாவை அப்போதுதான் புரட்டிக்கொண்டிருந்தாள். முதுகுக்குக் கீழே, இடுப்பின் பின்பக்கம், என் உள்ளங்கை அளவுக்குப் புண். நடுவில் கறுப்பு.

நான் அந்தப் பெண்ணைத்தான் திட்டினேன். இருபது வயது இருக்கும். அவள் அழுதாள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அவளை ஏன்யா வையுதே? இராத்திரி அவ ஒருத்திதான். நாங்க முப்பத்தாறு பேரு. கூப்பிடவே கூச்சமா இருக்கு. அதான் நான் சாயங்காலத்துக்கு மேலே தண்ணியே குடிக்கிறதில்லை."

நண்பர்களே, ஐந்து மாதமாக என் அம்மா தாகத்தோடு தூங்கியிருக்கிறாள். எனக்குத் தெரியவில்லை.

அன்று மத்தியானம் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். முப்பத்தாறு பேரில் எழுந்திருக்க முடியாதவர்கள் பன்னிரண்டு பேர். படுத்த படுக்கையாக இருப்பவரைப் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். மெத்தையையும் உடல்நிலையையும் பொறுத்து இது கொஞ்சம் முன்பின் ஆகலாம். இரவு எட்டிலிருந்து காலை ஆறு வரை பத்து மணி நேரம். ஆளுக்கு ஐந்து தடவை. பன்னிரண்டு பேருக்கு அறுபது தடவை. ஈரத்தைப் பார்த்து, விரிப்பை மாற்றி, புரட்ட ஒருவருக்குப் பத்து நிமிஷம் என்று வையுங்கள். அறுநூறு நிமிஷம். அதாவது பத்து மணி நேரம். அந்தப் பெண் ஒரு நிமிஷம்கூட உட்காராமல் வேலை செய்தாலும், மற்ற இருபத்துநாலு பேரில் ஒருவரைக்கூடக் கழிப்பறைக்குக் கூட்டிப்போக நேரம் இல்லை. ஐந்தாம் வகுப்புக் கணக்கு. அதைச் சேர்க்கும் அன்று போட்டிருக்க வேண்டும்.

படுக்கைப் புண் எப்படி வருகிறது என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் தோல் அழுந்தும்போது அந்த இடத்துக்கு இரத்த ஓட்டம் நின்றுபோகிறது. நாம் தூக்கத்தில் நம்மை அறியாமல் புரண்டுகொள்கிறோம். முடியாதவர்களுக்கு இன்னொருவர் கைதான் அதைச் செய்ய வேண்டும். ஈரம் சேர்ந்தால், சாப்பாடும் தண்ணீரும் குறைந்தால், புண் சீக்கிரம் வரும். தொடங்கச் சில மணி நேரம் போதும், ஆற மாதக்கணக்கு. இறுதி நாட்களில் எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் சிலருக்குத் தோல் கெடுவது உண்டு. அதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆனால் பெரும்பாலானவை தடுக்கக்கூடியவை.

இங்கிலாந்தில் டோரீன் நார்ட்டன் என்ற செவிலியர் தம் சகாக்களுடன் சேர்ந்து மருத்துவமனையில் இருந்த முதியவர்களை ஆராய்ந்து 1962இல் ஒரு நூல் வெளியிட்டார். தோலில் தைலம் தேய்ப்பதைவிட முறையாகப் புரட்டிப் படுக்கவைப்பதே பலன் தருகிறது என்று காட்டினார். யாருக்குப் புண் வரக்கூடும் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு மதிப்பெண் முறையும் தந்தார். உடல்நிலை, மனத்தெளிவு, நடமாட்டம், கைகால் அசைவு, சிறுநீர் மலம் அடக்கும் திறன் என்று ஐந்து தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் நாலு வரை மதிப்பெண்; மொத்தம் 20. பதினாலும் அதற்குக் கீழும் வந்தால் ஆபத்து. இதற்கு மெஷின் வேண்டாம். ஒரு பென்சிலும், பார்க்க மனமும் போதும்.

மருத்துவச் சேவையின் தரத்தை அளக்க அவெடிஸ் டொனபீடியன் என்ற அறிஞர் 1966இல் மூன்று படி சொன்னார்: அமைப்பு, செயல்முறை, விளைவு. கட்டடமும் ஆள்பலமும் கட்டிலும் அமைப்பு. புரட்டுகிறார்களா, ஊட்டுகிறார்களா என்பது செயல்முறை. தோல் முழுசாக இருக்கிறதா, எடை குறையாமல் இருக்கிறதா என்பது விளைவு. நான் அமைப்பிலும் பாதியை, அதாவது மார்பிளை மட்டும் பார்த்தேன். ஆள்பலத்தைப் பார்க்கவில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்கள் சுமார் 75 லட்சம், பத்தில் ஒருவர். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் வந்தது. மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது, ஆதரவற்ற 150 பேருக்கு இடம் இருக்கும்படி மாநில அரசு அமைக்கலாம் என்று அதில் இருக்கிறது. அமெரிக்காவில் 1987இல் வந்த சட்டம், வேலை செய்பவர்களின் வசதிக்காக முதியவரைக் கட்டிலோடு கட்டிப்போடக் கூடாது என்றது. சட்டம் வேண்டும். ஆனால் சட்டம் எந்த இல்லத்துக்குள்ளும் விடியற்காலை ஐந்தரைக்குத் தானாகப் போய் நிற்பதில்லை. அதை நாம்தான் செய்ய வேண்டும்.

மூன்று மாதம் கட்டுப்போட்டுப் புண் ஆறியது. பிறகு அம்மாவை இன்னோர் இடத்தில் சேர்த்தோம். பழைய ஓட்டு வீடு. பதினாலு பேர். புல்வெளி கிடையாது, முற்றத்தில் முருங்கை மரம்தான். இந்த முறை ரொக்கத்தை முதலில் எண்ணினேன். இராத்திரி எட்டரைக்குச் சொல்லாமல் போனேன். பணியில் இரண்டு பேர். ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஓர் அட்டை: மணி, வலம், இடம், மல்லாக்க, யார் புரட்டினார்கள் என்று கையெழுத்து. சேர்ந்த அன்று அங்கிருந்த சிஸ்டர் கேட்ட முதல் கேள்வி: "ஆச்சி, உங்களுக்குக் காலையிலே எத்தனை மணிக்குக் காபி வேணும்?" அம்மா என்னைப் பார்த்தாள். ரொம்ப நாளாக அவளிடம் யாரும் எதையும் கேட்டதில்லை, நான் உள்பட.

இது வெறும் உபசாரம் இல்லை. 1976இல் எல்லன் லேங்கர், ஜூடித் ரோடின் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்க முதியோர் இல்லம் ஒன்றில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியில் இருந்தவர்களுக்கு ஆளுக்கொரு செடி கொடுத்து நீங்களே தண்ணீர் ஊற்றுங்கள், உங்கள் அன்றாட விஷயங்களை நீங்களே முடிவு செய்யுங்கள் என்றார்கள். மற்றொரு பகுதியில் செடியையும் ஆட்களையும் பணியாளர்களே பார்த்துக்கொண்டார்கள். மூன்று வாரத்தில் முதல் பகுதியினரிடம் சுறுசுறுப்பும் உற்சாகமும் கூடியிருந்தன.

அம்மா அங்கே இரண்டு வருஷம் இருந்து 2016இல் காலமானார். முதுகில் தழும்பு இருந்தது. புதுப் புண் இல்லை.

உங்களில் பலருக்கு இந்தத் தேவை வந்திருக்கும் அல்லது வரும். எங்கள் செட்டுக்கு நாங்களே போய்ச் சேரும் வயது வந்துவிட்டது! ஆகவே என் ஆய்வுப் பட்டியலைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் போங்கள், விடியற்காலை அல்லது இரவு. இராத்திரி டியூட்டிக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். வருகைப் பதிவேட்டையும் பாருங்கள். குதிகாலையும் இடுப்பின் பின்பக்கத்தையும் பாருங்கள். தண்ணீர் டம்ளரும் கூப்பிடும் மணியும் கை எட்டும் தூரத்தில் இருக்கிறதா? மாதாமாதம் எடை பார்த்து எழுதுகிறார்களா? பட்டப்பகலில் நிறையப் பேர் தூங்கி வழிகிறார்களா? அப்படியென்றால் என்ன மாத்திரை என்று கேளுங்கள். யாரையாவது கட்டிவைத்திருக்கிறார்களா? கண்ணாடியும் பல்செட்டும் அவரவர் முகத்தில் இருக்கிறதா, மேஜை டிராயரில் இருக்கிறதா? கடைசியாக, அங்கே வேலை செய்கிற ஆயாவிடம் பேசுங்கள். எத்தனை வருஷமாக இருக்கிறாய், எங்கே சாப்பிடுகிறாய், எப்போது தூங்குகிறாய் என்று கேளுங்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ளாத இடம் நம்மவர்களையும் பார்த்துக்கொள்ளாது.

மாணவ மாணவியரே, பொங்கலுக்கு ஐம்பது பேராக பிஸ்கட் பாக்கெட்டோடு போய் போட்டோ எடுத்து வருகிறீர்கள். தப்பில்லை. ஆனால் இரண்டு பேர், அதே இரண்டு பேர், வாராவாரம் போங்கள். பேப்பர் படித்துக் காட்டுங்கள். வெளி ஆள் வந்துபோகிற இடத்தில் தப்பு நடப்பது குறையும். தணிக்கைக்காரன் அனுபவத்தில் சொல்கிறேன்.

இப்போது என் திருத்தம். அந்த இல்லத்தில் மண்டபம் ஏற்கெனவே இருக்கிறது. போன வாரம் இரவு ஒன்பது மணிக்கு நான் அங்கே போயிருந்தேன். நாற்பத்திரண்டு பேர், இராத்திரிப் பணிக்கு இரண்டு பேர். நம் நிதியை மண்டபத்தில் போடாமல் வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டு, அதன் வட்டியில் இன்னும் ஓர் இரவுப் பணியாளருக்கு ஒழுங்கான சம்பளம் கொடுக்கலாம். வட்டிக் கணக்கைச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கல்வெட்டில் நம் பெயர் வராது. ஆனால் யாரோ ஒரு தாய், கூப்பிட ஆள் இருக்கிறது என்ற தைரியத்தில், படுக்கப் போகுமுன் ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பாள்.

இந்தத் திருத்தத்தைப் பொதுக்குழு பரிசீலிக்க வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.