முக்தி இல்லத்துப் பெண்கள்

சென்னையிலிருந்து மும்பைக்கு இரயிலில் செல்லும் நம்மவர்கள், தௌண்ட் சந்திப்பைக் கடந்ததும் புணே வந்துவிட்டதென்று மூட்டை முடிச்சுகளைச் சரிபார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அந்த இடைவழியில் கேட்காவ் என்றொரு சிறு நிலையம் இருக்கிறது. விரைவு வண்டிகள் பெரும்பாலும் அங்கே நிற்பதில்லை. பெயர்ப் பலகையைப் படிப்பதற்குள் கடந்து போய்விடும். நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் பஞ்சத்தால் நலிந்த பெண்களும், கைம்பெண்களும், கண் பார்வையற்றோரும் அந்தக் கிராமத்தில் ஓர் ஊரையே தமக்கென அமைத்துக்கொண்டனர். அந்த வரலாற்றைத்தான் இன்று சொல்ல விரும்புகிறேன்.

அதனை அமைத்தவர் பண்டிதை ரமாபாய். 1858இல் பிறந்த இவருடைய தந்தையார் அனந்த சாஸ்திரி, ஊரார் எதிர்ப்பைப் பொருட்படுத்தாது தம் மனைவிக்கு வடமொழி கற்பித்தவர். அந்த அன்னையிடம் பயின்ற ரமாபாய், இளம் வயதிலேயே பாகவதத்தின் பதினெண்ணாயிரம் சுலோகங்களையும் மனப்பாடமாகச் சொல்ல வல்லவரானார். புராணம் படித்துக்கொண்டே தலயாத்திரை செய்த அக்குடும்பத்தைப் பஞ்சம் பிடித்துக்கொண்டது சென்னை மாகாணத்தில்தான். 1870களில் தாய், தந்தை, தமக்கை மூவரையும் அப்பஞ்சத்தில் இழந்து, தமையனோடு கால்நடையாகவே அலைந்தவர் அவர். பசி என்னவென்று நூலில் படித்து அறிந்தவரல்லர் என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

1878இல் கல்கத்தாவின் அறிஞர்கள் அவருக்குப் 'பண்டிதை' என்றும் 'சரஸ்வதி' என்றும் பட்டம் அளித்தனர். வங்காளத்தைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவரை மணந்தார். இரண்டாண்டு கழியுமுன், 1882இல், கணவரை வாந்திபேதி கொண்டுபோயிற்று. கையில் மனோரமா என்னும் பெண் குழந்தை. அதே ஆண்டில் ஹண்டர் கல்விக் குழுவின்முன் அவர் சாட்சியம் அளித்தார். ஆண் மருத்துவரிடம் தம் நோயைச் சொல்ல நாணி நம் பெண்கள் மடிகிறார்கள், ஆதலால் பெண்களுக்கு மருத்துவம் கற்பியுங்கள் என்பது அவர் வாதம். மராத்தியில் அவர் சொன்னது ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு அச்சாயிற்று. மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட எனக்கு இச்செய்தியில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

தாமே மருத்துவம் பயிலலாமென்று 1883இல் இங்கிலாந்து சென்றார். செவிப்புலன் குறைந்துகொண்டே வந்தமையால் அது கைகூடவில்லை. அங்கேதான் கிறிஸ்தவ சமயத்தைத் தழுவினார். பின்னர் அமெரிக்கா சென்று, பத்தாண்டுகளுக்குப் பொருளுதவி செய்வதாக அங்குள்ள அன்பர்களிடம் உறுதி பெற்றுத் திரும்பி, 1889இல் பம்பாயில் 'சாரதா சதன்' என்னும் கைம்பெண்கள் இல்லத்தைத் திறந்தார். மறு ஆண்டே அது புணேக்கு மாற்றப்பட்டது. பத்தாண்டு முடிந்தபின் இல்லத்தின் செலவுக்கு வழி வேண்டுமல்லவா? பழத்தோட்டம் வைத்து வருவாய் தேடலாமென்று கேட்காவில் நூறு ஏக்கர் அளவில் நிலம் வாங்கினார். எலுமிச்சையும் மாவும் வளர்க்க வாங்கிய நிலம்; அதற்கு வேறொரு பயன் காத்திருந்தது.

1896ஆம் ஆண்டின் இறுதியில் மத்திய மாகாணங்களைப் பஞ்சம் வாட்டியது. ரமாபாய் நேரில் சென்றார். நிவாரண முகாம்களிலும் சாலையோரங்களிலும் எலும்பும் தோலுமாய்க் கிடந்த சிறுமிகளையும் இளங்கைம்பெண்களையும் கண்டார். சில திங்களுக்குள் ஏறத்தாழ 300 பேரை அழைத்து வந்தார். ஆனால் புணேயில் அப்போது பிளேக் நோய் பரவியிருந்தது. புதியோரை நகருக்குள் தங்கவைக்க அதிகாரிகள் இசையவில்லை. பழத்தோட்டத்து நிலம் உதவிக்கு வந்தது. கூடாரங்களும் குடிசைகளும் எழுந்தன, கிணறுகள் வெட்டப்பட்டன.

வந்தவர்களின் நிலையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். உடலெங்கும் புண், தலையில் பேன், வயிறு உணவை ஏற்காது. பட்டினி கிடந்தவருக்கு உடனே வயிறார உணவிட்டால் அதுவே எமனாகிவிடும். சிறிது சிறிதாகக் கஞ்சி புகட்ட வேண்டும். பலர் பிழைக்கவில்லை. இத்தனை பேரையும் கழுவித் துடைத்து, மருந்திட்டு, இரவில் உடனிருந்து பார்த்தவர்கள் யார்? கடல் கடந்து வந்த தொண்டர்கள் சிலர் இருந்தனர்; 1898இல் வந்துசேர்ந்த மின்னி ஏப்ரம்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி அவருள் ஒருவர். ஆயினும் பெரும்பங்கு வேலையைச் செய்தவர்கள் சாரதா சதனில் முன்னரே அடைக்கலம் புகுந்து படித்த கைம்பெண்கள். கைம்பெண் எதிரே வந்தால் அபசகுனமென்று ஒதுங்கிய சமூகம் நம்முடையது. அந்தக் கைகளில்தான் அச்சிறுமிகள் பிழைத்தெழுந்தனர். அடுத்த பஞ்சம் குஜராத்தையும் இராஜபுதனத்தையும் தாக்கியபோது, முந்திய பஞ்சத்தில் வந்தவர்களே புதிதாய் வந்தோருக்குச் செவிலியராயினர். 1900ஆம் ஆண்டில் முக்தி இல்லத்தில் 1,500 பேருக்கு மேல் இருந்தனர்.

இத்தனை பேருக்கும் சோறு தானமாக மட்டும் வரவில்லை. வயல் வேலை, மாடு வளர்ப்பு, எண்ணெய் ஆட்டுதல், நெசவு, தையல், சலவை என ஒவ்வொரு தொழிலும் அவர்கள் கையிலிருந்தது. பார்வையற்றோருக்கு மனோரமாபாய் பிரெயில் எழுத்தைக் கற்பித்தார். கெட்டுப்போனவர்களென்று ஊர் தள்ளிய பெண்களுக்குக் 'கிருபா சதன்' என்று தனியே ஓர் இல்லம் இருந்தது.

மதமாற்றத்தைப் பற்றிய வழக்கை நான் மறைத்துச் செல்லக் கூடாது. 1893இல் சாரதா சதன் மாணவியர் சிலர் கிறிஸ்தவ வழிபாட்டில் கலந்துகொண்டனர் என்பதால் புணேயில் பெரும் கிளர்ச்சி எழுந்தது. திலகரின் 'கேசரி' கடுமையாக எழுதியது. ஆலோசனைக் குழுவிலிருந்த ரானடேயும் பண்டார்கரும் விலகினர். பலர் தம் வீட்டுப் பெண்களை அழைத்துக்கொண்டு போயினர். கேட்காவில் நிலை இன்னும் தெளிவு: அது கிறிஸ்தவ இல்லமாகவே நடந்தது. சாவிலிருந்து மீண்ட ஒரு சிறுமிக்கு, தன்னைத் தூக்கி வந்தவர் வணங்கும் தெய்வத்தை வேண்டாமென்று சொல்லும் வலிமை எவ்வளவு இருந்திருக்கும்? இக்கேள்வி நியாயமானதென்றே நான் கருதுகிறேன். கண்டனம் எழுதியதோடு நில்லாமல், செயலால் விடை தந்தவர்களும் அந்நாளில் இருந்தனர். அதே பஞ்சங்களில் லாலா லஜபதி ராய் முன்னின்று ஆரிய சமாஜத்தின் வாயிலாக அனாதைக் குழந்தைகளுக்குப் புகலிடம் தேடினார். சாரதா சதனில் படித்த கைம்பெண் ஒருவரை 1893இல் மணந்த கார்வே, 1896இல் கைம்பெண்களுக்கென்று ஓர் இல்லம் தொடங்கினார். அங்கே மதமாற்றத்துக்கு இடமில்லை. நம் சென்னையில் இளமையிலேயே கணவரை இழந்த சகோதரி சுப்புலட்சுமி 1912இல் கைம்பெண்களுக்கு இல்லம் அமைத்ததை நேயர்கள் அறிவீர்கள். ரமாபாயோடு வழக்காடியவர்களைவிட, அவர் கையிலெடுத்த வேலையைத் தம் வழியில் செய்தவர்களே அவருக்குத் தக்க மறுமொழி கூறியவர்கள் என்பேன்.

முக்தி இல்லத்தின் அச்சகத்தைப் பற்றி ஒரு சொல். எழுத்துக் கோத்தவர்கள், அச்சடித்தவர்கள், தாள் மடித்தவர்கள் எல்லாரும் அங்கே அடைக்கலம் புகுந்த பெண்களே. எபிரேயமும் கிரேக்கமும் கற்று, ரமாபாய் விவிலியத்தை மராத்தியில் பெயர்த்தார். பதினெண்ணாயிரம் சுலோகங்களை நாவில் வைத்திருந்த பண்டிதை, வடசொல் அடுக்கை வேண்டுமென்றே தவிர்த்தார். அண்மையில் எழுத்தறிந்த கிராமத்துப் பெண் பொருளறிய வேண்டுமென்பதே அவர் வைத்த அளவுகோல். 1921இல் மகள் மனோரமா காலமானார். துயரத்தோடும் தளர்ந்த உடலோடும் அவர் அந்தப் பணியை விடவில்லை. அதனை முடித்துவிட்டு, 1922 ஏப்ரல் 5ஆம் நாள் கண்மூடினார். அந்நூலுக்கும் எழுத்துக் கோத்தவை அதே பெண்களின் விரல்கள்தாம்.