கம்பியே நம்பிக்கை!

("வீட்டுக்கும் சிறு அலுவலகத்துக்கும் இணையம் தருவதில் நம்பத்தக்கது கம்பியா? காற்றா?" என்ற பட்டிமன்றத்தில், 'கம்பியே' என்ற அணியில் பேசியது)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரே உட்கார்ந்து என்னை எரிப்பது போலப் பார்த்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! வீட்டு வேலையை எல்லாம் ஒதுக்கிவிட்டு எங்கள் சண்டையை ரசிக்க வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே! 

எனக்கு முன்னால் பேசிய சகோதரி ரொம்ப அழகாப் பேசினாங்க. "காற்று எங்கும் இருக்கிறது, வைஃபையும் எங்கும் இருக்கிறது. மாடியில் உட்கார்ந்தாலும் வரும், கட்டிலில் படுத்தாலும் வரும்" என்றார்கள். சரிதான் அம்மா. ஆனா எனக்கு ஒரு சந்தேகம். இவ்வளவு நேரம் கையில பிடிச்சுப் பேசினீங்களே ஒரு மைக்கு, அதுல கம்பி இருந்துச்சா, இல்லையா? (சிரிப்பு) கம்பி இல்லாத மைக்கும் இங்கே இருக்கு. பாதியில பேட்டரி தீர்ந்துடுமோன்னு பயந்து நடுவர் ஐயாவே கம்பி மைக்கைத்தான் முன்னால வச்சிருக்காரு. அவர் தீர்ப்பை அப்பவே சொல்லிட்டாரு! (பலத்த கைதட்டல்)

நடுவர் அவர்களே! நான் பெரிய பொறியாளர் இல்லை. பண்ருட்டியிலே ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பிரிண்ட் எடுப்போம், விண்ணப்பம் போடுவோம், மின் கட்டணம் கட்டுவோம். என் கடையும் வீடும் பிழைப்பது ஒரு சின்னப் பெட்டியால். அதன் பெயர் ரூட்டர்.

அந்தப் பெட்டி என்ன செய்யுதுன்னு தாய்மார்களுக்குப் புரியிற மாதிரி சொல்றேன். அந்தக் காலத்துச் சென்னையிலே ஒண்டுக்குடித்தனம்னு ஒண்ணு இருந்துச்சு. உள்ளே பத்துக் குடும்பம் இருக்கும். வாசல்ல கதவு எண் ஒண்ணுதான். தபால்காரர் எல்லாக் கடிதத்தையும் வீட்டுக்கார அம்மாகிட்ட கொடுத்துட்டுப் போயிடுவார். எந்தக் கடிதம் எந்தப் போர்ஷனுக்குன்னு அந்த அம்மாவுக்குத் தெரியும். யாரு யாருக்குக் கடிதம் போட்டாங்கன்னும் தெரியும். (சிரிப்பு) நம்ம ரூட்டர்தான் அந்த வீட்டுக்கார அம்மா!

வெளியிலிருந்து வரும் இணைப்பு ஒன்று. உள்ளே நாலு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். உலகத்துக்கு நம்ம வீட்டு முகவரி ஒண்ணேதான் தெரியும். உள்ளே ஆளுக்கொரு தனி எண்ணை ரூட்டர் கொடுக்கும். இங்கேயிருந்து யார் கேட்டாங்களோ, பதில் அவங்களுக்குப் போகும். யாருமே கேக்காம வெளியிலிருந்து ஒருத்தன் வந்து கதவைத் தட்டினா, "அப்படி யாரும் இங்கே இல்லை, போ"ன்னு வாசல்லயே அனுப்பிடும்.

இந்த ஏற்பாடு ஏன் வந்துச்சு? பழைய முறையிலே உலகம் முழுக்க இருக்கக்கூடிய இணைய முகவரிகள் மொத்தம் சுமார் 430 கோடிதான். மனுஷங்களே இன்னைக்கு 800 கோடி! ஆளுக்கு ஒண்ணுகூட வராது. முகவரி தீர்ந்துடும்னு முன்கூட்டியே பயந்து, 1994-ல் எகேவாங், ஃபிரான்சிஸ் என்ற இரண்டு பேர் இந்த ஒண்டுக்குடித்தன முறையை எழுதி வைத்தார்கள். அதே முறையிலதான் இன்னைக்கும் நம்ம வீடுகள் குடித்தனம் நடத்துது!

இப்போ விஷயத்துக்கு வர்றேன். வீட்டுக்கார அம்மா கடிதத்தை எப்படிக் கொடுக்கணும்? நம்ம கதவைத் தட்டி கையிலே கொடுக்கணுமா? இல்லே, முற்றத்துல நின்னு பத்துக் குடும்பத்துக்கும் கேக்கிற மாதிரி கத்தணுமா? கையிலே கொடுத்தா அது கம்பி. கத்தினா அது வைஃபை! (கைதட்டல்)

என் கடையிலே நடந்ததைச் சொல்கிறேன். இது வேடிக்கை இல்லை, கொஞ்சம் கேளுங்க.

2018-ல் நம்ம மாநிலத்திலே பொறியியல் கலந்தாய்வு இணையவழிக்கு வந்தது. அதுக்கு அடுத்த வருஷம் ஒரு கொத்தனார் தன் பெண்ணைக் கூட்டிக்கிட்டு என் கடைக்கு வந்தார். கல்லூரிகளை வரிசைப்படுத்திப் போட வேண்டிய கடைசி நாள். மாலை 5 மணிக்குள்ளே முடிக்கணும். அந்தப் பெண் ஒரு நோட்டிலே முப்பது கல்லூரிகளை வரிசையா எழுதிக் கொண்டு வந்திருந்தது. பக்கத்து ஊர்க் கல்லூரிகள் எல்லாம் மேலே இருந்தது. ஏன்? வீட்டிலிருந்தே போய் வரலாம், விடுதிச் செலவு இல்லை.

4 மணிக்கு ஆரம்பித்தோம். நாலஞ்சு கல்லூரி ஏறினது. அப்புறம் திரையிலே வட்டம் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு. நின்னு போச்சு. மறுபடி உள்ளே போனேன். மறுபடி சுத்தல். செல்போன் இணைப்புக்கு மாத்தி, முதல்லேருந்து உள்ளே நுழைஞ்சு, விட்ட இடத்தைக் கண்டுபிடிக்கிறதுக்குள்ளே மணி 5. நான் அவசரத்துல வரிசை மாத்திப் போட்ட அஞ்சு கல்லூரிதான் நின்னது. தூரத்து ஊர் ஒன்று கிடைத்தது.

அந்தக் கொத்தனார் என்னைத் திட்டியிருந்தா பரவாயில்லை. "போகட்டும் தம்பி, நீங்க என்ன பண்ணுவீங்க"ன்னு சொல்லி, 50 ரூபாயை எடுத்து மேஜை மேல வச்சாரு. நடுவர் ஐயா, அந்த 50 ரூபாயை நான் வாங்கலை. ஆனா அவர் சொன்ன வார்த்தையைத் திருப்பிக் கொடுக்க முடியலையே! (அமைதி)

தளத்தின் மேலே தப்பில்லை. காலையிலேயே வரச் சொல்லாதது என் தப்பு. இன்னொரு தப்பு என்னன்னு மறுநாள்தான் தெரிஞ்சது. கம்ப்யூட்டர் படிக்கிற என் அக்கா மகன் வந்தான். ஒரு கேபிளை எடுத்து ரூட்டர்ல ஒரு முனையும் கம்ப்யூட்டர்ல ஒரு முனையுமா செருகினான். பறக்குது! வெளியிலேருந்து இணைப்பு ஒழுங்காத்தான் வந்திருக்கு. என் கடைக்குள்ளே அந்தப் பத்தடி தூரத்தைக் கடக்க முடியாமல்தான் திணறியிருக்கு.

"மாமா, பக்கத்துல என்ன கடை?"ன்னு கேட்டான். பேக்கரிடான்னேன். "பஃப்ஸை எதுல சூடு பண்றாங்க?"ன்னான். மைக்ரோவேவ் அடுப்புல. "அதான் மாமா! அந்த அடுப்பு வேலை செய்யிறதும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்துலதான், நம்ம வைஃபை வேலை செய்யிறதும் அங்கேதான்"ன்னான். சாயந்திரம் 4 மணிக்கு ஊரே டீயும் பஃப்ஸும் சாப்பிடுது. அங்கே பஃப்ஸ் சூடாகச் சூடாக, இங்கே என் இணையம் ஆறிப்போகுது! (பலத்த சிரிப்பு)

பேக்கரிக்காரரை மட்டும் சொல்லி என்ன பண்ண? அந்த அலைவரிசையிலே ஒண்ணோட ஒண்ணு இடிக்காத பாதை மூணுதான் இருக்கு. எங்க தெருவுல கடை இருபது, கடைக்கொரு வைஃபை. மூணு பாதையிலே இருபது வண்டி! அதுவும் ஒருத்தர் பேசும்போது மத்தவங்க வாயை மூடிக்கிட்டு இருக்கணும். நம்ம வீட்டுலயே அது நடக்கிறதில்லை! (சிரிப்பு)

"5 கிகாஹெர்ட்ஸ் வந்துவிட்டதே" என்பார்கள் எதிரணியினர். வந்தது. வேகமும் உண்டு. ஆனால் ரெண்டு சுவரைத் தாண்டச் சொன்னால் மூச்சு வாங்கும்.

நடுவர் அவர்களே! காற்றிலே ஆரம்பித்தவர்களே கம்பிக்குத்தான் வந்தார்கள் என்பதற்குச் சரித்திரம் சாட்சி. ஹவாய்த் தீவுகளிலே 1971-ல் 'அலோஹா' என்று ஒரு ரேடியோ வலையமைப்பு போட்டார்கள். ஒரே நேரத்திலே ரெண்டு பேர் அனுப்பினால் செய்திகள் மோதிக்கொள்ளும். மறுபடி அனுப்ப வேண்டும். அதைப் படித்துப் பார்த்த ராபர்ட் மெட்காஃப் என்பவர், 1973-ல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆராய்ச்சிக் கூடத்திலே அந்த யோசனையைத் திருத்தி, கம்பிக்குள் கொண்டு வந்தார். அதுதான் ஈதர்நெட். ஜெராக்ஸ்காரர் கண்டுபிடித்தது, ஜெராக்ஸ் கடைக்காரன் பேசுகிறேன்! (கைதட்டல்) 'ஈதர்' என்றால் ஆகாயம் முழுக்க நிறைந்திருப்பதாக அந்தக் காலத்திலே நம்பிய ஒரு பொருள். உங்க ஆகாயத்தின் பெயரையும் எங்க கம்பிதான் வைத்திருக்கிறது, சகோதரி!

அந்த லேன் கேபிளை வெட்டிப் பாருங்கள். உள்ளே எட்டுக் கம்பி. எட்டும் தனித்தனியா இருக்காது. ரெண்டு ரெண்டா முறுக்கி, நாலு ஜோடியா இருக்கும். இப்படி முறுக்குகிற வித்தைக்கு 1881-லேயே காப்புரிமை வாங்கியவர் தொலைபேசி தந்த கிரகாம் பெல். ஏன் முறுக்கணும்? வெளியிலிருந்து வர்ற இரைச்சல் ரெண்டு கம்பி மேலேயும் சமமா விழும். கடைசியிலே ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் கணக்குல எடுப்பாங்க. சமமா விழுந்த இரைச்சல் கழிஞ்சு போயிடும். புருஷன் பெண்டாட்டி மாதிரி! ரெண்டு பேரும் நெருக்கமாப் பின்னிக்கிட்டு இருந்தா, ஊரார் பேச்சு ரெண்டு காதுலயும் ஒரே மாதிரி விழுந்து ஒண்ணுமில்லாமப் போயிடும். (பலத்த கைதட்டல்) அதனாலதான் சாதாரண வீட்டுக் கேபிளே 100 மீட்டர் வரைக்கும், நொடிக்கு ஒரு கிகாபிட் வேகத்தைச் சிந்தாமக் கொண்டு போகுது.

"கம்பி போட்டால் வீடு அசிங்கமாகும், கால் தடுக்கும்" என்றார் அடுத்த நண்பர். 2020 ஊரடங்கிலே என் பிள்ளைகள் ரெண்டு பேருக்கும் வீட்டிலேயே வகுப்பு. கூடத்திலிருந்து உள் அறைக்குச் சுவரோரமா கேபிள் இழுத்தேன். மறுநாள் பார்த்தா எங்க அம்மா அதுல ஈரத்துண்டைக் காயப்போட்டிருக்காங்க! (சிரிப்பு) துண்டும் காய்ஞ்சது, பாடமும் நடந்தது. இணைப்பு அறுந்துதா? அறுபடலையே!

"செல்போனுக்கு எங்கேய்யா கம்பி மாட்டுவே?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. செல்போன் காற்றிலேயே இருக்கட்டும், நான் வேண்டாங்கலை. பாட்டுக் கேக்கலாம், படம் பாக்கலாம். ஆனா சோறு போடுற மேஜைக்கும், பிள்ளை பரீட்சை எழுதுற மேஜைக்கும் ஒரு கம்பி போய்ச் சேரணும். பெரும்பாலான சின்ன ரூட்டர்ல பின்னால பாருங்க, வெளி இணைப்புக்கு ஒரு துளையும் உள் இணைப்புக்கு நாலு துளையும் இருக்கும். பல வீட்டிலே அந்த நாலும் வாங்கின நாள் முதலா காலியாத்தான் கிடக்குது. காசு கொடுத்து வாங்கின வாசலை ஏன் மூடி வச்சிருக்கோம்?

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். கம்பி போட்டுட்டா மட்டும் எல்லாம் பத்திரம் இல்லை. ரூட்டர் வாங்கும்போது அதுக்குள்ளே நுழைய ஒரு பெயர், ஒரு கடவுச்சொல் கம்பெனியே போட்டுக் கொடுத்திருக்கும். அதை மாத்தாம விட்டா, வீட்டைப் பூட்டிச் சாவியை மிதியடிக்கு அடியிலே வச்ச கதைதான். 2016-ல் 'மிராய்' என்று ஒரு கெட்ட நிரல் வந்தது. இப்படி மாற்றாமல் விட்ட சுமார் அறுபது பெயர்-கடவுச்சொல் ஜோடிகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தே, உலகமெங்கும் வீட்டு ரூட்டர்களையும் கேமராக்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது. அந்த அக்டோபரிலே அந்தப் பெட்டிகளை எல்லாம் ஏவிவிட்டதில், அமெரிக்காவிலே பெரிய பெரிய தளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. திருடினது யாரோ, ஏணி நம்ம வீட்டு ஏணி! ஆகவே இன்னைக்கு ராத்திரி வீட்டுக்குப் போனதும் அந்தக் கடவுச்சொல்லை மாத்துங்க. இதுல ரெண்டு அணிக்கும் சண்டை இல்லை.

ஆனால் வைஃபையிலே இன்னொரு வாசலும் சேருது. என் கம்பியைத் தொட ஒருத்தன் என் வீட்டுக்குள்ளே வரணும். என் வைஃபையைத் தொட அவன் தெருவில நின்னாப் போதும்!

முடிக்கிறேன், நடுவர் அவர்களே. அந்த வாரமே கடைக்குக் கம்பி ரூட்டர் ஒன்று வாங்கி, மூணு மேஜைக்கும் கேபிள் இழுத்தேன். கேபிளோடு சேர்த்து 2,000 ரூபாய்கூட ஆகலை. 2,000 ரூபாய் காரியத்தை முன்னாலேயே செய்யாததால், ஒரு கொத்தனார் நாலு வருஷம் விடுதிக் கட்டணம் கட்டினார். அந்தப் பெண் படித்து முடித்துவிட்டது, கெட்டிக்காரப் பெண். அந்த அப்பா இப்பவும் என் கடைக்குத்தான் வருகிறார். வரும்போதெல்லாம் என் கண் முதல்ல கேபிள் சரியாச் செருகியிருக்கான்னுதான் பார்க்குது.

நம்பி வருகிறவன் முன்னால் வட்டம் சுத்தக் கூடாது. அதற்குக் கம்பியே வழி என்று நல்ல தீர்ப்புத் தருமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். (நீண்ட கைதட்டல்)