ஏலாவின் ஓரமாக ஒரு சைக்கிள்



நாகர்கோவிலில் வேப்பமூடு எல்லோருக்கும் தெரியும். வேம்பு நின்ற இடம் வேப்பமூடு. மரத்தின் அடியை நாம் மூடு என்போம். திருவனந்தபுரத்துக்கு வடக்கே எம்.சி. ரோட்டில் வெஞ்ஞாறமூடு என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்தப் பெயர்ப்பலகையை முதன்முதலில் பார்த்த அன்று, வேலைக்காகக் கழக்கூட்டத்துக்கு வந்து தங்கியிருந்த எனக்குப் பாதி ஊருக்கே திரும்பிவிட்டது போல இருந்தது. அந்தப் பெயர்களின் பின்னால் போய்த்தான் இந்தப் பக்கத்துச் சத்தமில்லாத சாலைகளை நான் கற்றுக்கொண்டேன். ஞாயிறு காலையில் சைக்கிளில் கண்ட அந்தச் சாலைகளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

கழக்கூட்டம் என்றதும் பலருக்கும் டெக்னோபார்க்தான் நினைவு வரும். 1990-ல் தொடங்கிய அந்த வளாகத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்து வேலை பார்ப்பவர்கள் ஏராளம். ஊரின் தலைக்குமேல் தேசிய நெடுஞ்சாலை 66-ன் மேம்பாலம் ஓடுகிறது. 2022-ல் அது திறந்த பிறகும் கீழே வண்டிகள் குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இங்கே சைக்கிளா என்று நண்பர்கள் கேட்பார்கள். பக்கத்தில் காரியவட்டத்தில், லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரியில், பந்தய சைக்கிளுக்கென்றே சரிந்த வளைவுகளோடு கட்டிய வெலோடிரோம் இருக்கிறது. நம்மைப் போன்றவர்களுக்கு அது தேவையில்லை. மேம்பாலத்தை முதுகுக்குப் பின்னால் விட்டுக் கிழக்கே ஆறேழு கிலோமீட்டர் மிதித்தால் போதும், நிலமே மாறிவிடும்.

இந்த நிலம் எப்படிக் கிடக்கிறது என்று தெரிந்துகொண்டால்தான் இங்கே சைக்கிள் ஓட்ட முடியும். மேற்கே கடலோர மணல், கிழக்கே மேற்குத் தொடர்ச்சி மலை. இரண்டுக்கும் நடுவில் செம்மண் குன்றுகள், ஒன்றை அடுத்து ஒன்றாக. குன்றின் சரிவில் ரப்பர், மரச்சீனி, வாழை, வீடுகள். இரண்டு குன்றுகளுக்கு இடையே நீண்டு வளைந்து கிடக்கும் தாழ்ந்த வயலுக்கு ஏலா என்று பெயர். விளவங்கோட்டுக்காரர்களுக்கு இந்தச் சொல்லை நான் விளக்க வேண்டியதில்லை, அங்கேயும் அது ஏலாதான். ஏலாவின் நடுவே ஒரு தோடு, அதாவது சிற்றோடை, ஓடும். ஏலாவை ஒட்டி, குன்றின் அடிவாரத்தோடு வளைந்து வளைந்து ஒரு சாலை போகும். வயலுக்குத் தண்ணீர் பாய வேண்டுமென்றால் நிலம் ஏறக்குறையச் சமமாக இருந்தாக வேண்டும். அதனால் அதன் ஓரத்துச் சாலையும் சமமாகவே இருக்கும். ஏலாவோடு போனால் காலுக்குச் சுகம். ஏலாவைக் குறுக்கே வெட்டிப் போகும் சாலையோ தோட்டுப் பாலம் வரை விழுந்து, மறுகரையில் செங்குத்தாக ஏறும். அதை இங்கே கயற்றம் என்கிறார்கள். நம் பக்கத்தில் ஏத்தம்.

இது தெரியாத காலத்தில் ஒரு ஜூன் மாதக் காலை, கைப்பேசி காட்டிய மிகக் குறுகிய வழியை நம்பிக் கிளம்பினேன். அது என்னை ஏலாவுக்கு ஏலா குறுக்காகவே இழுத்துக்கொண்டு போனது. நான்காவது இறக்கத்தில், மரநிழல் விழுந்த சாலையோரத்தில் பச்சைப் பாசி. பிரேக் பிடித்ததும் பின்சக்கரம் வழுக்கி முழங்கை உரசிப்போனது. பக்கத்து வீட்டு அம்மா ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கையைக் கழுவிவிட்டு, “ஏலா வழி போயிருந்தால் இது வராதே மோனே” என்ற பொருளில் மலையாளத்தில் சொன்னார். அந்த ஒரு பேச்சுதான் எனக்கு வழிகாட்டி. அன்றிலிருந்து முதலில் வயலைத் தேடுகிறேன், வயல் இருந்தால் சாலையும் இருக்கும்.

இனி வழியைச் சொல்கிறேன். விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்புங்கள். கழக்கூட்டத்திலிருந்து காட்டாயிக்கோணம் வழியாகப் போத்தன்கோட்டுக்குப் போகும் சாலை நல்ல சாலைதான். ஆனால் எம்.சி. ரோட்டிலிருந்து விமான நிலையத்துக்கு விரைகிற கார்களுக்கும் அதுவே குறுக்குவழி. ஆகவே காட்டாயிக்கோணத்தில் அதைவிட்டு விலகி மடவூர்ப்பாறைக்குத் திரும்புவது என் வழக்கம். பெரும்பாறை ஒன்றைக் குடைந்து செய்த பழைய சிவன் கோயில் அங்கே இருக்கிறது. பாறை மேல் ஏறி நின்றால் சுற்றிலும் தென்னையின் தலைகள். கோணம் என்ற பெயரையும் கவனியுங்கள். காட்டாயிக்கோணம், சேங்கோட்டுகோணம். நம் நாகர்கோவிலிலும் கோணம் உண்டல்லவா.

போத்தன்கோட்டைத் தாண்டி உள்வழிகளில் நுழைந்துவிட்டால் அதுதான் எனக்குப் பிடித்த நேரம். ரப்பர் தோட்டத்துக்குள் நெற்றி விளக்கு ஒன்று மரம் மரமாக நகரும். பால் வெட்டுகிறவர் முகம் தெரியாது, வெளிச்சம் மட்டும் ஒரு மரத்தில் சற்று நின்று அடுத்ததற்குப் போகும். விடிந்த பிறகு அதே மரத்தைப் பார்த்தால், சாய்வாகக் கீறிய கோட்டில் வெள்ளைப் பால் இறங்கி, கம்பியில் கட்டிய சிரட்டையில் சொட்டுச் சொட்டாக விழும். வீட்டு முற்றத்துக் கொடியில் துணியோடு துணியாக ரப்பர் ஷீட்டும் தொங்கும். அந்தப் புளித்த வாசனைதான் இந்தச் சாலைகளின் வாசனை. காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு அது கிடைக்காது.

வழியில் வெள்ளாணிக்கல் பாறை. சைக்கிளைத் தள்ளித்தான் ஏற்ற வேண்டும், வெட்கப்பட ஒன்றுமில்லை. வானம் தெளிந்திருந்தால் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல். இறங்கி வெஞ்ஞாறமூட்டில் எம்.சி. ரோட்டைக் கடக்கும் அந்த ஐந்து நிமிடம் மட்டும் இறங்கி நடந்துவிடுங்கள். அதற்குப் பிறகு வாமனபுரம் ஆற்றின் பள்ளத்தாக்கு. மலையில் பிறந்து 88 கிலோமீட்டர் ஓடி முதலப்பொழியில் கடல் சேரும் ஆறு இது. அதன் கரையை விட்டு ரொம்ப விலகாமல் கல்லறா, பாங்கோடு என்று கிழக்கே போகலாம்.

இந்தக் கல்லறாவில் நான் கட்டாயம் நிற்பேன். 1938-ல் கல்லறாச் சந்தைக்குச் சரக்கு கொண்டுவந்த விவசாயிகளிடம் பறித்த சுங்கத்தை எதிர்த்து இங்கே மக்கள் கிளம்பினார்கள். போலீஸ் சுட்டது. கொச்சப்பிப் பிள்ளை, பட்டாளம் கிருஷ்ணன் இருவரையும் 1940-ல் திருவிதாங்கூர் அரசு தூக்கிலிட்டது. வண்டி கட்டிச் சந்தைக்குப் போன அதே பாதைகளில்தான் இன்று நாம் சும்மா காற்று வாங்கிக்கொண்டு போகிறோம்.

அங்கிருந்து பாலோடு. வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டமும் ஆராய்ச்சி நிலையமும் இருக்கும் ஊர். பாலோட்டுச் சாலையை விடாமல் பிடித்துக்கொண்டு போனால் தென்மலை, ஆரியங்காவு தாண்டிச் செங்கோட்டைக்கே வந்து சேரும். 1956 வரை செங்கோட்டையும் திருவிதாங்கூர்ப் பக்கம்தானே இருந்தது. தெம்பிருப்பவர்கள் விதுரா வழியாகக் கல்லாற்றுக்குப் போய்ப் பொன்முடியின் 22 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறலாம். 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் போட்டி நடந்த மலை அது. நான் ஏறியிருக்கிறேன். ஆனாலும் என் மனம் கீழே ஏலாவில்தான் இருக்கிறது.

இப்படிச் சத்தமில்லாத சாலைகளில் வழி தவறாமலிருக்க, பெல்ஜியத்தில் லிம்பர்க் என்ற பகுதியில் 1995-ல் ஓர் ஏற்பாடு செய்தார்கள். அமைதியான சாலைகள் சந்திக்கும் இடங்களுக்கெல்லாம் எண் கொடுத்துப் பலகை நட்டார்கள். சுரங்கத்துக்குள் வழிகளுக்கு எண் கொடுப்பதைப் பார்த்திருந்த ஒரு சுரங்கப் பொறியாளரின் யோசனை அது. எண்களை ஒரு சீட்டில் வரிசையாகக் குறித்துக்கொண்டால் வழி தவறாது. பிறகு அந்த ஏற்பாடு நெதர்லாந்து முழுக்கப் பரவியது. இங்கே அந்த எண்களுக்குப் பதில் மூடும் கோணமும் முக்கும் ஏற்கெனவே இருக்கின்றன. மரம் போய்விட்டாலும் பெயர் நிற்கிறது. சாயாக்கடையில் அடுத்த மூட்டின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே மூன்று பேர் வழி சொல்வார்கள். ஒவ்வொரு ஊராட்சியும் இந்தப் பெயர்களோடு சின்னப் பலகை நட்டு, ஏலாச் சாலைகளை ஒரு வரைபடமாக்கினால் செலவு எவ்வளவு ஆகிவிடும்?

ஏலா குறைந்துகொண்டே வருவதுதான் என் கவலை. வயலை மண் போட்டு நிரப்பக் கூடாது என்று 2008-ல் கேரளம் சட்டம் போட்டது. அப்படியும், நான் பழகிய சாலைகளில் போன வருடம் கொக்கு நின்ற இடத்தில் இந்த வருடம் செம்மண் மேடு. விழிஞ்ஞத்திலிருந்து நாவாய்க்குளம் வரை வெளிவட்டச் சாலை ஒன்றுக்கும் திட்டம் இருக்கிறது. அதன் கிளை ஒன்று தேக்கடையிலிருந்து மங்கலபுரத்துக்கு, இந்தக் குன்றுகளுக்கும் ஏலாக்களுக்கும் ஊடாகத்தான் வர வேண்டும். இந்தத் தேக்கடை வெம்பாயத்துக்குப் பக்கத்தில் உள்ளது, யானை பார்க்கப் போகும் தேக்கடி அல்ல. விழிஞ்ஞத்தில் துறைமுகம் வந்த பிறகு சாலையும் வரும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏலாவை மண்ணிட்டு மூடாமல், தூண் நிறுத்தி மேலே போகட்டும். கீழே தோடும் ஓடட்டும், அதன் ஓரத்துச் சாலையும் இருக்கட்டும்.

ஏற்றமே வேண்டாம் என்பவர்களுக்குக் கடலோர வழி இருக்கிறது. கழக்கூட்டத்திலிருந்து மேனங்குளம், பெருமாதுறை, முதலப்பொழிப் பாலம், அஞ்சுதெங்குக் கோட்டை, அப்புறம் மகாகவி குமாரன் ஆசான் 1873-ல் பிறந்த காயிக்கரை. வலப்பக்கம் காயல், இடப்பக்கம் கடல். எதிர்க்காற்று மட்டும் கொஞ்சம் படுத்தும்.

வருகிறவர்களுக்கு இரண்டொரு சொல். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வாருங்கள். துலாமாத (ஐப்பசி) மழையில் பிற்பகல் இடிமின்னல் உண்டு, அப்போது காலை பத்துக்குள் திரும்பிவிட வேண்டும். கொஞ்சம் அகலமான டயர் நல்லது. சைக்கிளில் மணி இல்லாமல் வராதீர்கள். ஏலாச் சாலையில் வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாது. பசுவைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு ஓர் அம்மா நிற்கலாம், பால் பாத்திரத்தோடு ஒரு பையன் வரலாம். இரண்டு தடவை மெல்ல அடியுங்கள். வயலுக்கு அக்கரை வரை கேட்கும்.