குடிவழி வரும் ஈரல் நோய்

(வெள்ளானூர்க் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நம் பாட்டிமார் காலத்தில் 'ஈரல் குலைக்கட்டி' என்ற பெயரைக் கேட்டாலே தாய்மார் வயிறு கலங்கும். பால்குடி மறவாத குழந்தைக்கு வயிறு உப்பும். ஈரல் கல்லாய் இறுகும். காமாலை கண்டு சில திங்களில் உயிர் நீங்கும். அக்காலப் பத்திரிகைகளைப் புரட்டுவோர் ஜம்மி வேங்கடரமணய்யாவின் ஈரல் மருந்து விளம்பரத்தைக் காணாதிரார். இன்று அந்நோய் மிக அருகிவிட்டது. ஏன்?

1980-களில் புனாவில் ஆராய்ந்த மருத்துவர்கள் அடுக்களையை நோக்கினர். ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் காய்ச்சி வைத்த பாலில் செம்பு கலந்து, சிசுவின் ஈரலிற் படிந்தது. 'ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை' என்பது பழமொழி. இவ்விஷயத்தில் இளிக்கும் உரிமை ஈயத்துக்கே உரியது! எவர்சில்வர் புகுந்தது, நோயும் குன்றிற்று.

ஆயினும், அப்பாலை உண்ட குழந்தைகள் எல்லாம் மாண்டிலரே? ஆஸ்திரியா தேசத்து டைரோல் மலைநாட்டில் 1900 முதல் 1974 வரை 138 குழந்தைகள் இத்தகைய நோயால் இறந்தனர். அவர்தம் குடிவழியை ஆராய்ந்து 1996-இல் வெளியிட்டோர், செம்புப் பாத்திரத்தோடு பிறவிப் பழுதும் கூடியே அக்கேட்டை விளைத்தது எனக் கண்டனர்.

பாத்திரம் மாறினும் மாறாத நோயும் உண்டு. 1912-இல் வில்சன் என்னும் மருத்துவர் விரித்துரைத்தமையால் அது வில்சன் நோய் எனப்படும். உணவிலுள்ள செம்பில் மிகையானதை ஈரல் பித்தநீர் வழியே கழிப்பது இயல்பு. அத்தொழிலுக்குரிய மரபணு பழுதுற்றால் செம்பு ஈரலில் தேங்கி அதனைக் கெடுக்கும், மூளைக்கும் ஏறும். நன்கு எழுதிய மாணவன் கையெழுத்துக் கோணி, நாக்குழறி நின்றால், ஆசிரியர் பிரம்பைத் தேடுதல் தகாது, வைத்தியரைத் தேடுக.

தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றும் ஆகிய இரண்டு பிரதிகளும் பழுதானால்தான் இந்நோய் வரும். ஒன்றே பழுதுற்றோர் நலமாய் வாழ்வர். அதனைத் தாமும் அறியார். அத்தகைய இருவர் மணந்தால், ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு அபாயம். உறவினராயின், ஒரே பாட்டன் தந்த பழுது இருவரிடமும் இருத்தல் எளிது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்டிருள் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பேர் உறவினரையே மணந்தவர். சொத்து வெளியே போகாதிருக்க அக்காள் மகளைக் கொள்கிறோம்; பழுதும் வெளியே போவதில்லை. பத்துப் பொருத்தம் பார்க்கும் நாளிலேயே, 'உங்கள் வீட்டில் காமாலையால் இளமையில் இறந்தவர் உண்டா?' என இரு வீட்டாரும் கேட்டுக்கொள்வதில் மானக்குறைவு இல்லை.

நோய் வந்த பின்னும் கதியற்றவர் அல்லேம். 1956-இல் வால்ஷ் என்பவர் பெனிசிலமின் என்னும் மருந்தை வழங்கினார். அது செம்பைச் சிறுநீரில் வெளியேற்றும். துத்தநாக உப்பு செம்பு குடலில் ஏறாது தடுக்கும். உடல் தேறியதென்று இடையில் நிறுத்தினால் உயிருக்கே மோசம். மருந்து ஆயுள் முழுதும் வேண்டும். ஈரல் முற்றக் கெட்டவர்க்கு மாற்று ஈரல் பொருத்துதலே வழி.

ஒரு பிள்ளைக்கு இந்நோய் தெரிந்த வீட்டில், உடன்பிறந்தார் நலமாய்த் தோன்றினும் அவர்தம் இரத்தத்தையும், ஒருநாள் முழுதும் சேர்த்த சிறுநீரையும் சோதிப்பித்தல் வேண்டும். எழும்பூரில் அரசாங்கக் குழந்தைகள் மருத்துவமனை உளது. ஆவடியில் ரயில் ஏறிச் சென்ட்ரலில் இறங்கினால் அங்கிருந்து தொலைவில்லை.