ஒரு துவிச்சக்கரவண்டி ஆற்றுப்படை

பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள் என்பதை நீங்கள் அறிவீர்கள். திருமுருகாற்றுப்படை நீங்கலாக ஏனையவற்றில், பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன் ஒருவன் எதிரே வரும் வறிய கலைஞனுக்கு வழி சொல்லுகின்றான். எங்கே ஏற்றம், எங்கே நீர், எந்த ஊரில் என்ன உணவு என்றெல்லாம் விரித்துரைப்பான். பல ஆண்டுகளாக இவற்றை வகுப்பில் படிப்பித்து வருகிறேன். ஆயினும், வழி சொல்லுதல் எத்தனை பெரிய உதவி என்பது எனக்கு விளங்கியது 2019ஆம் ஆண்டு யூலை மாதத்திலேதான். அப்போது நான் பிரான்சின் தென்மேற்கே, இரவல் வாங்கிய துவிச்சக்கரவண்டி ஒன்றின் மேல் இருந்தேன்.

துலூஸ் நகரில் வாழும் என் ஒன்றுவிட்ட தம்பியிடம் போயிருந்தேன். அந்நகருக்கு மேற்கே இருப்பது ஜெர்ஸ் மாவட்டம். பழைய கஸ்கோனிப் பிரதேசத்தின் நடுப்பகுதி அது. அலெக்சாண்டர் டூமாவின் 'மூன்று துப்பாக்கி வீரர்கள்' நாவலிலே வரும் தார்த்தஞான் இந்த மண்ணின் மகன். ஒரு நாட்காலை தம்பி என்னையும் தன் சைக்கிளையும் லெக்துர் என்னும் குன்றூரிலே இறக்கிவிட்டான். மேற்கே இருபத்துச் சொச்சம் கிலோமீற்றரில் உள்ள கொந்தோம் நகர்வரை போய்த் திரும்புவது என் திட்டம். அவன் வரைபடத்தை விரித்து வழி சொன்னான்.

"சிவப்புக் கோட்டு ரோட்டாலை போகாதேங்கோ. மஞ்சளும் வெள்ளையும்தான் சைக்கிளுக்கு. பச்சைக் கரை போட்டிருந்தால் வடிவான இடம். தண்ணி முடிஞ்சால் சவக்காலையைத் தேடுங்கோ, அண்ணை."

கடைசி வசனம் எனக்கு விளங்கவில்லை. கேட்பதற்குள் அவன் வேலைக்குப் புறப்பட்டுவிட்டான்.

அந்த நிலத்தின் அமைப்பைச் சொல்ல வேண்டும். பிரனீஸ் மலையடியில் உள்ள லன்மெசான் மேட்டுநிலத்திலிருந்து பல ஆறுகள், விசிறியை விரித்தாற்போல, வடக்கு நோக்கி ஓடுகின்றன. ஆற்றோடு போகிறவனுக்குப் பாதை சமதரை. குறுக்கே போகிறவனுக்கு மேடும் பள்ளமும் மாறிமாறி வரும். அந்தப் பள்ளத்தாக்குகளின் இரு கரைகளும் ஒரே மாதிரியானவை அல்ல. மேற்குக் கரைச் சரிவு நீண்டு மெல்ல உயர்வது. கிழக்குக் கரை செங்குத்தானது. ஆகவே மேற்கே போகிறவனுக்கு ஏற்றம் இலகு. கிழக்கே திரும்புகிறவன் ஒவ்வோர் ஆற்றையும் கடந்தவுடன் மூச்சு வாங்குவான்.

இந்த இடத்தில் ஒரு பழைய வழக்கை நினைவூட்டலாம். 1903இல் 'தூர் த பிரான்ஸ்' ஓட்டப்போட்டியைத் தொடங்கிய பத்திரிகை ஆசிரியர் ஹென்றி தெக்ராஞ்ச், கியர் மாற்றும் கருவி நாற்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கே உரியது என்ற கருத்துடையவர். 1937 வரை அப்போட்டியில் அக்கருவிக்கு அனுமதி இருக்கவில்லை. அவருக்கு எதிர்த்தரப்பில் நின்றவர் சென்த் எத்தியேன் நகரத்துப் போல் த விவி. 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதிய அவர், சைக்கிளைப் பந்தயத்துக்கன்றி ஊர் பார்ப்பதற்கு உரிய வாகனமாகக் கொண்டவர். பல கியர்கள் வேண்டும் என்று வாதாடியவர். நாற்பத்தாறு வயதில் அந்த வீதியில் ஏறிய நான், இரு தரப்பின் தீர்ப்பின்படியும் தப்பினேன்.

முன்பகல் முழுவதும் இன்பமாகவே கழிந்தது. அறுவடையான கோதுமை வயல்கள், சோளம், இடையிடையே சூரியகாந்தி. முற்றிய சூரியகாந்திப் பூ கிழக்கு நோக்கியே நிற்கும். மேற்கே போன எனக்கு வயல் முழுவதும் முகம் காட்டி நின்றது. சங்கிலியின் ஓசையும் வானம்பாடியின் குரலும் தவிர வேறு சத்தம் இல்லை. அரை மணி நேரத்தில் எதிர்ப்பட்டது ஓர் உழவு இயந்திரம் மாத்திரமே. அதை ஓட்டியவர் கையை உயர்த்திவிட்டுப் போனார். இவ்வளவு அமைதியான நிலமும் உலகில் உண்டா என்று எண்ணினேன்.

கொந்தோமிலிருந்து திரும்பும்போது தண்ணீர் முடிந்துவிட்டது. சூரியகாந்திகள் இப்போது முதுகு காட்டின. ஒரு சிற்றூரை அடைந்தேன். வெதுப்பகத்தின் பெயர்ப்பலகை இருந்தது, வெதுப்பகம் இல்லை. கதவு தட்டுவதற்கும் ஆள் இருப்பதாகத் தெரியவில்லை. அப்போது தம்பி சொன்னது நினைவுக்கு வர, தேவாலயத்தின் அருகே இருந்த சவக்காலைக்குள் நுழைந்தேன். வாசலிலேயே தண்ணீர்க் குழாய். சுடலைக்குப் போனால் தோய்ந்துவிட்டே வீட்டுக்குள் நுழையும் வழக்கத்தில் வளர்ந்தவன் நான். சிறிது தயங்கினேன். பிறகு குடித்தேன். நல்ல குளிர்ந்த நீர்.

வெளியே ஒரு கல் நின்றது. 1914 முதல் 1918 வரையான போரில் இறந்த அவ்வூரவர் பெயர்கள் அதிலே. எண்ணினேன், பதினேழு. கண்ணுக்குத் தெரிந்த வீடுகளோ அதனினும் குறைவு. ஒரே குடும்பப்பெயர் மூன்று முறை வந்தது. அந்தப் போரில் பிரான்ஸ் இழந்த படையினர் 13 இலட்சத்துக்கும் அதிகம். இத்தகைய கல் இல்லாத ஊரை அந்நாட்டில் காண்பது அரிது.

மலைபடுகடாத்தில் வழி சொல்பவன் இதையும் சொல்லியிருக்கிறான். பாதை பிரியும் இடங்களிலே வீழ்ந்த மறவரின் பெயர் பொறித்த நடுகற்கள் பல உண்டு. அவர்கள் விரும்பும்படி இசைத்துவிட்டு விரைந்து செல்லுங்கள் என்கிறான். எத்தனையோ முறை அந்தப் பகுதிக்குப் பொருள் எழுதிப் போட்டிருக்கிறேன். அந்தக் கல்லின் முன் நின்றபோது எனக்குப் பாட வரவில்லை. எங்கள் ஊர்களின் பெயர்களே நினைவுக்கு வந்தன. அவற்றுள் எத்தனைக்குக் கல் உண்டு?

நான் வியந்த அமைதிக்கு ஒரு கணக்கு இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அம்மாவட்டத்தில் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். இன்று 2 இலட்சம் பேர் இல்லை. பிறப்புக் குறைந்தது, இளைஞர் நகரங்களுக்குப் போயினர், போர் மிச்சத்தைக் கொண்டுபோனது. 1920களில் வட இத்தாலியிலிருந்து வந்த ஏழை உழவர் குடும்பங்கள் வெறுமையான பண்ணைகளை ஏற்று உழுதன. வழியிலே தபால் பெட்டிகளில் இத்தாலியப் பெயர்களைக் கண்டிருந்தேன். அப்போது அவற்றின் பொருள் எனக்குத் தெரியவில்லை. காரில் போயிருந்தால் பெயர்களையே கண்டிருக்க மாட்டேன்.

ஜெர்ஸ் ஆற்றைக் கடந்து, ஆகச் சிறிய கியரில் லெக்துர் ஏற்றத்தை முடித்தபோது மாலையாகிவிட்டது. தம்பி காத்திருந்தான். சவக்காலையில் ஏன் குழாய் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"சமாதிப் பூக்கண்டுக்குத் தண்ணி ஊத்த ஆக்கள் வருவினமெல்லோ, அண்ணை. அதுக்குத்தான்."

அந்த வழியில் போகும் நேயர் எவரும் இருந்தால், தண்ணீர் அங்கே கிடைக்கும். குடித்தபின், வெளியே உள்ள கல்லையும் ஒரு முறை வாசித்துவிட்டுப் போங்கள்.